எச்சில் விழுங்கும் இடம்

தேவாரம் ஊர் எல்லையைத் தாண்டி முதல் பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் அந்த ஆட்டோ வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை அதன் தலையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து என் குரல் வந்துகொண்டிருந்தது. இப்போது அதே குழாயில் ஓர் அம்மா என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். "எங்கடா போற? உள்ள போடா" என்று மலையடிவாரம் முழுக்கக் கேட்டது. சாலையோரக் காட்டில் கடலை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தத் திட்டு முதலில் யாரைப் பார்த்துத் திட்டப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் வேகமாக நடந்தேன்.

ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"ஏறுங்கண்ணே. ராசிங்காபுரத்துல விட்டுர்றேன்."

"சத்தத்த நிறுத்து மாப்ளே, ஏறுறேன்."

"நிறுத்தக் கூடாதுன்னு கமிட்டியில சொல்லிட்டாங்கண்ணே. இன்னைக்குப் பூராம் ஓட்டணுமாம்."

அப்படியானால் நீ போ என்றேன். போனார். அந்த அம்மா கொஞ்ச தூரம் வரை என்னைத் திட்டிக்கொண்டே போய், வளைவில் மறைந்தார்.

பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் அந்தத் தடத்துப் பஸ்ஸில் நான் வாயைத் திறந்து போடிக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டால், முன் சீட்டில் இருப்பவர் திரும்பி, யார் தவறிட்டாங்க என்று விசாரிப்பார். பலமுறை நடந்திருக்கிறது. ஒரு தடவை கண்டக்டரே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, வயசானவங்களா என்று கேட்டார். அதனால் நடப்பது மேல் என்று நடந்தேன். நடப்பது எனக்குப் பழக்கம்தான்.

நான் பிறந்தது மலைமேல், ஏலத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பாவும் அம்மாவும் அங்கே கூலி வேலை. எட்டாவது வரை படித்தேன். பள்ளிக்கூடத்தில் பாதி தமிழ், பாதி மலையாளம். இரண்டையும் பிழையில்லாமல் எழுத எனக்கு வராது, இரண்டையும் நன்றாகப் பேசுவேன். அப்பா இறந்த பிறகு லாரியில் கிளீனராகப் போனேன். அப்புறம் திருப்பூரில் பனியன் கம்பெனி, கோட்டயத்தில் புரோட்டாக் கடை, கம்பத்தில் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பு. சாப்பாடு கிடைக்காத நாட்கள் உண்டு. அந்த ஊர்களில் எதிலும் இரண்டாவது தீபாவளி கொண்டாடியதில்லை. பாதி இடங்களில் அவர்கள் போகச் சொன்னார்கள், மீதியில் நானே கிளம்பிவிட்டேன்.

ரேடியோவுக்குள் நுழைந்தது சுவரில் முட்டைத் தட்டு ஒட்டத்தான். மலையடிவாரத்தில் ஓர் அறக்கட்டளை சின்னதாக ஒரு வானொலி ஆரம்பித்தது. எதிரொலி வராமல் இருக்க அறை முழுக்க முட்டைத் தட்டு ஒட்ட ஆள் தேடினார்கள். பசை வாளியோடு நான் உள்ளே நின்றபோது, மைக்கைச் சோதித்தவர் எதையாவது பேசுங்கள் என்றார். எனக்குப் பேச எதுவும் இல்லை. கையிலிருந்த பசை வாளியில் எழுதியிருந்ததைப் படித்தேன். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும், கண்ணில் பட்டால் குளிர்ந்த நீரில் கழுவவும். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பட்டதாரி, சம்பளம் போதாது என்று அன்று காலைதான் வராமல் நின்றுவிட்டார். மறுநாள் அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். சுவரில் பாதிக்கு மேல் முட்டைத் தட்டு ஒட்டாமலே நின்றுபோனது. கடைசி வரை அந்த ரேடியோவில் லேசான எதிரொலி இருந்ததற்கு அதுதான் காரணம்.

காலை நிகழ்ச்சி என்னுடையது. மழை வருமா என்று சொல்வேன், ஏலக்காய் விலை வாசிப்பேன், பாட்டுப் போடுவேன். மழையைப் பற்றி நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. மலை இருக்கிற திசையில் ஒருமுறை பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். விலையை மட்டும் எல்லோரும் கேட்டார்கள். விலை ஏறிய நாளில் நல்ல குரல் என்றார்கள். இறங்கிய நாளில் டீக்கடையில் எனக்கு உட்கார இடம் தர மாட்டார்கள். பத்து ஏக்கர் காய் வைத்திருந்த ஒருவர் ஜீப்பில் ஆபீசுக்கே வந்து, நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே இருந்துச்சு, இன்னைக்கு நீ வாசிச்ச, எறங்கிருச்சு என்று என்னிடம் நியாயம் கேட்டார். இனிமேல் ஏறுகிற அன்று மட்டும் வாசி என்று ஆலோசனையும் சொன்னார். நிர்வாகி அதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

பிறகு கம்ப்யூட்டர் தானாகப் பாட்டுப் போடும் ஏற்பாடு வந்தது. என்னை அனுப்பிவிட்டார்கள். நேயர்கள் கொதித்து எழுவார்கள் என்று நான் கொஞ்ச நாள் காத்திருந்தேன். நான் வெளியேறி நான்கு மாதம் கழித்து, போடி சந்தையில் ஓர் அம்மா என் குரலைக் கேட்டு அடையாளம் கண்டு, நேத்துக்கூட உங்க நிகழ்ச்சி அருமை என்றார்.

அப்போதுதான் ஃபிளெக்ஸ் கடைக்காரர் என்னைப் பிடித்தார். போடியில் அவர் கடையில் ஒரே மிஷினில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அச்சாகும். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே பூ டிசைன். கலரை மட்டும் மாற்றுவார். அவர் கணக்கு எளிமையானது. "போட்டோவும் நம்மகிட்டத்தான் அடிக்கிறான், சத்தத்தையும் சேத்துக் குடுத்துட்டா கேதவீட்டுக்காரன் எதுக்குண்ணே வேற கடைக்கு அலையுறான்?" என்றார். எங்கள் பக்கத்தில் கேதம் என்றால் சாவு. மிஷினுக்குப் பின்னால் பிளைவுட்டில் ஓர் அறை அடித்து மைக் வைத்தார். என்னை வருகிறவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, சினிமாவுக்கெல்லாம் குரல் கொடுத்தவர் என்று சொல்வார். நான் மறுத்தால் கோபப்படுவார். தொழிலுக்கு நல்லது என்று நானும் மறுப்பதை விட்டுவிட்டேன்.

அந்தப் பிளைவுட் அறையில் என் குரலைப் பங்குபோட்டு விற்றேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கு ஒரு குரல். அது மேலே ஏறிக்கொண்டே போகும், இறங்காது. ஓட்டுக் கேட்க ஒரு குரல், கொஞ்சம் கரகரப்பாக. கோயில் கொடியேற்றத்துக்கு ஒன்று, அதில் ஒவ்வொரு வார்த்தையும் நீளும். ஓட்டுச் சமயத்தில் காலையில் ஒரு வேட்பாளருக்கும் மத்தியானம் அவரை எதிர்த்து நின்றவருக்கும் பேசினேன். இரண்டு ஆட்டோவும் சந்தைமுனையில் எதிரெதிரே நின்றபோது, துரோகியை விரட்டுங்கள் என்று நான் என்னையே பார்த்து முழங்கினேன். கூட்டம் நின்று கேட்டது. மத்தியானம் பேசியவர் குரல்தான் எடுப்பு, காலையில் பேசியவர் குரலில் உண்மை இல்லை என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். மத்தியானக் கட்சி எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்திருந்தது.

ஆனால் எனக்குச் சோறு போட்டது கேதக் குரல்தான். சாவு அறிவிப்பு.

அதில் ஒரு விசேஷம் தானாக அமைந்தது. மிஷின் ஓடும்போது மையின் நெடி பிளைவுட் அறைக்குள் வரும். நீளமாகப் பேசினால் தொண்டை அடைக்கும். முதல் கேத அறிவிப்பில் இறந்தவரின் வயதைச் சொல்லிவிட்டுப் பெயரைச் சொல்வதற்கு முன் நெடி தாங்காமல் எச்சில் விழுங்கினேன். அதைத் திருப்பிப் பேச நேரமில்லை, கேதவீட்டுக்காரர் வாசலில் நின்றார். அப்படியே போய்விட்டது. சாயங்காலம் இறந்தவரின் மகன் கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரோ எவரோ, எங்கப்பாவுக்காக அழுதிங்களேண்ணே என்றார். அன்றிலிருந்து எல்லோரும் அதைக் கேட்டு வாங்கினார்கள். வயதுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு விழுங்கு. "அது மட்டும் விட்டுப்போயிராம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நான் முதலில் மையை நம்பினேன், பிறகு மை இல்லாத நாளிலும் வந்தது. தேவாரம், ராசிங்காபுரம் முதல் குரங்கணி வரை மூன்று வருடம் யார் இறந்தாலும் என் தொண்டையில் ஒரு எச்சில் இறங்கித்தான் அவர்கள் பெயர் வெளியே வந்தது.

எங்கள் பக்கத்தில் கேத ஆட்டோ தெருவுக்குள் வந்தால் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வர வேண்டும். இறந்தவர் தெரிந்தவரா, எந்த வீடு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வராதவர் வீட்டுக் கேதத்தை நாளை ஆட்டோ சொல்லும்போது மற்றவர்களும் வர மாட்டார்கள். பெயர் கடைசியில்தான் வரும் என்பதால், பெயர் காதில் விழும் வரை பத்துத் தப்படி ஆட்டோவின் பின்னால் நடப்பதும் வழக்கம். பூக்கடைக்காரர் என் தொண்டை முதல் வார்த்தைக்குக் கனைக்கும்போதே மாலை கட்ட நாரை எடுத்துவிடுவார். வழியில் பார்த்தால் எனக்கு வணக்கம் வைப்பார்.

இதனால் மற்ற இடங்களில் எனக்கு வந்த சிரமத்தைச் சொல்ல வேண்டும். ஹோட்டலில் இரண்டு தோசை கேட்டால் மாஸ்டர் டி.வி.யை நிறுத்துவார். தெரிந்தவருக்குப் போன் செய்து நல்லாயிருக்கீங்களா என்று கேட்டால், மறுமுனையில் ஆள் உட்கார நாற்காலி தேடும் சத்தம் வரும். பெண் பார்க்கப் போன ஒரே வீட்டில், தண்ணீர் கொடுங்கம்மா என்று நான் கேட்டதும் பெண்ணின் தாயார் முகம் வெளுத்து உள்ளே போனார். பிறகு வரவில்லை. நாற்பது வயதுக்கு மேல் எனக்கு ஆசை என்று ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. யாரும் சாகாமல் இந்தக் குரலால் ஒரு மாதமாவது சாப்பிட வேண்டும்.

அதற்கு வழி தேவாரத்திலிருந்து வந்தது. அங்கே மக்காச்சோளம் முற்றும் காலத்தில் யானை இறங்கும். காட்டோரத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்திருந்தார்கள். யானை நிற்பதை யாராவது பார்த்துப் போன் செய்தால், உடனே ஓர் ஆட்டோ தெருத்தெருவாகப் போய் வெளியே வராதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதிவு செய்த குரல் வேண்டும், சேதிக்கு ஏற்ப அவ்வப்போது மாற்றிப் பேச ஆள் வேண்டும் என்று கமிட்டித் தலைவர் ஃபிளெக்ஸ் கடைக்கு வந்தார். யானை வந்தாலும் வராவிட்டாலும் மாதச் சம்பளம் என்றார். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. அதுவரை நான் பார்த்த வேலைகளில் எதுவும் நடக்காதபோது சம்பளம் தருவதாகச் சொன்ன முதல் வேலை அது.

விஷயம் பெரியது, அதனால் கனமாகப் பேச வேண்டும் என்று தலைவர் சொன்னார். கடைக்காரரும் அதையே சொன்னார். என்னிடம் இருந்த குரல்களில் கனமானது எது என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னால் மிஷின் ஒரு கல்யாண பேனரை அடித்துக்கொண்டிருந்தது. நான் பேசினேன். "அன்பார்ந்த பொதுமக்களே, மேற்கே காட்டோரம் யானை நிற்கிறது." அடுத்த வார்த்தைக்கு முன் விழுங்கினேன். "யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம்." மூன்று பேரும் திருப்பித் திருப்பிக் கேட்டோம். மூன்று பேரும் தலையாட்டினோம். தலைவருக்குக் கண் கலங்கியது. அப்போதாவது எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முதல் யானைக்கு நானும் ஆட்டோவில் போனேன். வேலை நடப்பதைக் கண்ணால் பார்க்க ஆசை. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கிழக்குத் தெருவில் ஆரம்பித்து, மேற்கே காட்டை ஒட்டிய கடைசி வீடுகள் வரை போக வேண்டும். குழாய் அலறியது. பாதித் தூரம் போனதும் நான் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு கூட்டம்.

"மாப்ளே, என்னடா அது ஊரே வருது?"

"உங்க சத்தத்துக்குத்தாண்ணே. நல்லாக் கேக்குது போல."

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ரேடியோவில் இருந்தபோது கூட என் பின்னால் இத்தனை பேர் வந்ததில்லை. அடுத்த தெருவில் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். சாப்பிட்ட கையோடு வந்தவர்கள், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள். ஒருவர் மாலையே வாங்கி வந்துவிட்டார். எல்லோரும் பெயருக்காகக் காத்திருந்தார்கள். வழக்கமாக விழுங்கியதும் பெயர் வரும். இந்த அறிவிப்பில் பெயர் இல்லை. வராத பெயருக்காக, பத்துத் தப்படியில் நிற்க வேண்டியவர்கள் விடாமல் நடந்து வந்தார்கள். வெளியே வர வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, இரண்டு தெருவையும் திரட்டிக்கொண்டு போய் யானைக்கு முன்னால் நிறுத்தினேன்.

யானை சோளத்துக்குள் நின்றது. ஆட்டோவின் விளக்கைப் பார்த்தது, பிறகு கூட்டத்தைப் பார்த்தது. காதை விரித்தது. அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது. ஒருவர் வறண்ட வாய்க்காலுக்குள் குதித்துக் காலை முறித்துக்கொண்டார். மாலை வாங்கி வந்தவர் அதை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். யானை நிதானமாக நாலு எட்டு வைத்து வந்து, அந்த மாலையைத் தின்றுவிட்டுச் சோளத்துக்குத் திரும்பியது. நாங்கள் ஆட்டோவை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு வந்தோம். குழாயை நிறுத்த இருவருக்கும் கை வரவில்லை. அதனால் அவ்வளவு தூரமும் நான் ஆழ்ந்த வருத்தத்துடன் எச்சரித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை உரக்கடை வாசலில் கமிட்டி கூடியது. காலை முறித்துக்கொண்டவரின் மனைவி முன்வரிசையில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். ஆடு வைத்திருப்பவர், ஐம்பது வயதிருக்கும். அந்தத் தெருவில் அவர் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை என்று ஆட்டோக்காரர் என் காதில் சொன்னார்.

நான் என் பக்கத்தைச் சொன்னேன். வெளியே வராதீர்கள் என்று தெளிவாகத்தானே பேசியிருக்கிறேன் என்றேன். நான் பேசப் பேச முன்வரிசையில் இரண்டு பேர் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார்கள்.

"வார்த்தைய யாருப்பா கேக்குறா?" என்றார் அந்த அம்மா. "கேதத்துக்கு வார்த்தையா கேப்போம்? எந்த வீடுன்னு கேப்போம். நான் உள்ள இருய்யான்னா பேசாம இருக்கிற மனுசன் அவரு. முப்பது வருசமா இருந்திருக்காரு. நீ வெளிய வராதன்னு சொல்லியே வெளிய கூட்டிட்டுப் போயிட்டியே."

தலைவர் நல்ல மனிதர். ஒரே ஓட்டத்தில் ஆளை விரட்டக் கூடாது என்றார். வேறு குரலில் பேசிக் காட்டு, கேதம் என்று தோன்றாத ஒன்றில் பேசினால் வேலை உனக்கே என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். வேறெந்த வேலைக்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. எழுந்து நின்று தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

ரேடியோவில் பேசிய பழைய காலைக் குரலை முதலில் எடுத்தேன். மகிழ்ச்சியாக, வேகமாக, யானை வந்திருக்கிறது என்று சொன்னேன். எதிர்ப்பக்கம் நின்ற ஒரு பெண், எந்தக் கடையில, ஆடித் தள்ளுபடியா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். ரேடியோக் குரலும் தள்ளுபடிக் குரலும் ஒன்றுதான் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஓட்டுக் குரலில் பேசினேன். கூட்டத்தில் ஓர் ஆள் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தெரிந்து திரும்பினார். கோயில் குரலில், யானை எழுந்தருளியிருக்கிறது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கடைசியாக எந்தக் குரலும் இல்லாமல், நான் நானாகப் பேசிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நடுவில் விழுங்கினேன் என்பது மட்டும் தெரியும். ஏனென்றால் உரக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"அப்ப நீதான் சொல்லு ஆத்தா, எப்பிடிச் சொல்றது?" என்று தலைவர் அந்த அம்மாவிடம் கேட்டார்.

அவர் என் பக்கம் திரும்பினார். முந்தின நாள் புருஷனிடம் சொல்ல விட்டுப்போனதெல்லாம் அவரிடம் அப்படியே இருந்தது.

"எங்கடா போற? சோத்த வச்சிட்டு எங்கடா போற? மேக்க யான நிக்கிதுன்னு சொல்றேன்ல? எவன் செத்தா உனக்கென்ன, எவன் பொழச்சா உனக்கென்ன? உள்ள போடா. கதவச் சாத்துடா. விடியிற வரைக்கும் மூஞ்சியக் காட்டுன, காலத் தறிச்சிருவேன்."

நான் இரண்டடி பின்னால் போனேன். பார்த்தால் உரக்கடைக்குள் நிற்கிறேன். எனக்கு முன்னாலேயே தலைவர் உள்ளே நின்றுகொண்டிருந்தார். ஆட்டோக்காரர் மட்டும் புத்தியோடு செல்போனை நீட்டி அதைப் பதிந்திருந்தார். குழாயில் போட்டுத் தெருமுனையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள். டீக்கடையில் நின்றவர்கள் கிளாசோடு உள்ளே போனார்கள். மாவு மில்லுக்குப் போன ஒருவர் வாளியோடு வீட்டுக்குத் திரும்பினார். யாரும் யார் தவறியது என்று கேட்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்து, தப்பா நினைச்சுக்காதப்பா என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. நானும் உள்ளேதானே போனேன்.

அப்படித்தான் நடையைக் கட்டினேன். ராசிங்காபுரத்தில் டீக்கடையில் விரலைக் காட்டி ஒரு டீ வாங்கிக் குடித்தேன். வாயைத் திறக்கவில்லை. என் கவலை யானை இல்லை, நாளைக்கு மறுபடியும் யாராவது இறந்துதான் நான் சாப்பிட வேண்டும் என்பது. அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் கேத அறிவிப்பு இனிப் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். மலைக்கு ஜீப்பில் ஏறி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு போடும் வேலை கேட்கலாம். உலைக்கு முன்னால் பேச்சு தேவையில்லை. தேங்காய் லோடு ஏற்றிய ஒரு வண்டி போடிக்குப் போனது. கையைக் காட்டி அதில் ஏறினேன்.

மறுநாள் காலை பையை எடுத்துக்கொள்ள ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாசலில் நின்று எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே போனீங்க? வெரசா வாங்க, உள்ள சோலி நிக்கிது."

பிளைவுட் அறையில் மைக்குக்கு முன்னால் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். புருஷனின் காலுக்கு மாவுக்கட்டுப் போட போடிக்கு வந்தவரைக் கமிட்டி அப்படியே இங்கே கூட்டி வந்திருந்தது. செல்போனில் பதிந்தது இரைச்சலாக இருக்கிறதாம். ராசிங்காபுரத்திலும் குரங்கணியிலும் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டுவிட்டார்களாம். விஷயம் என்னவென்றால், மைக்கைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு வாய் கட்டிவிட்டது. கடைக்காரர் எனக்குப் போட்டுக் காட்டினார். கலெக்டரிடம் மனு வாசிப்பது போல, மதிப்பிற்குரிய பெரியோர்களே, தாங்கள் அனைவரும் தயவுசெய்து உள்ளே செல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று ஒலித்தது. அதைக் கேட்டு யாரும் உள்ளே போக மாட்டார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

"சும்மா இருக்கிற கம்பியப் பாத்து எப்பிடிய்யா வைவேன்?" என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்தார். முகம் தெளிந்தது. "இந்தா, வந்துட்டான்ல. இவன இங்கன நிக்கச் சொல்லுங்க. இவன் மூஞ்சியப் பாத்தா எனக்குத் தன்னால வரும்."

ஊர் ஊராகப் பெயர் மாற்றிப் பேச வேண்டும், மழைக்கு ஒன்று, காட்டுத்தீக்கு ஒன்று என்று கமிட்டி யோசித்து வைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு முகம் வேண்டும். மாதச் சம்பளம், யானை வந்தாலும் வராவிட்டாலும். யாரும் சாக வேண்டியதில்லை. நான் பேசவும் வேண்டியதில்லை. கேட்டது கிடைத்திருக்கிறது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பையைக் கீழே வைத்தேன்.

மைக்குக்கு அந்தப் பக்கம், வழக்கமாக நான் பார்க்கிற சுவரோடு ஒட்டி நின்றேன். வெளியே மிஷின் ஓடத் தொடங்கியது. கடைக்காரர் கதவு இடுக்கில் தலையை நீட்டினார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. எச்சில் மட்டும் முழுங்கிராதீங்க. மைக்குல விழுந்துரும்."

மை நெடி உள்ளே வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, ஆரம்பித்தார்.